மீன் மூச்சு வாங்குகிறதா? செவுளசைவை எண்ணிக் கோளாறைக் கண்டறியும் வழிமுறை

வீட்டுத் தொட்டியில் ஏதோ சரியில்லை என்பதை மீன் பெரும்பாலும் முதலில் மூச்சில்தான் காட்டும். உடலில் வெண்புள்ளி தோன்றுவதற்கும், துடுப்பு ஒடுங்குவதற்கும், இரையைக் கண்டும் காணாமல் இருப்பதற்கும் சில மணி நேரம் முன்பே, சில வேளைகளில் ஒரு நாள் முன்பே, செவுள் மூடி வழக்கத்தைவிட விரைவாக அசையத் தொடங்கியிருக்கும். அந்த அசைவை எண்ணிப் பழகியவருக்குக் கிடைக்கும் அவகாசம், மீன் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்ற பிறகு கவனிப்பவருக்குக் கிடைப்பதில்லை.

சிறப்புக் கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. ஆயினும் இதே அசைவை மின்முனைகளால் பதிவு செய்து, சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் போன்ற அமெரிக்க நகரங்கள் தங்கள் குடிநீரில் நச்சு கலக்கிறதா என்று கண்காணித்திருக்கின்றன. ப்ளூகில் என்னும் நன்னீர் மீன்களைச் சிறு அறைகளில் விட்டு, குழாய்க்குப் போகும் நீரை அவற்றின்மேல் ஓடவிட்டு, பல மீன்களின் மூச்சு ஒருசேர மாறினால் எச்சரிக்கை எழும்படி அமைத்தார்கள். நம் தொட்டி மீனும் அதே வேலையை நமக்காக நாள் முழுதும் செய்துகொண்டிருக்கிறது.

கீழே உள்ளவை நன்னீர்த் தொட்டிகளுக்கானவை. தங்கமீன், கப்பி, மோலி, ஏஞ்சல் போன்ற பரவலான வகைகளையும், கோடையில் தொட்டி நீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும் சென்னை போன்ற ஊர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

மூச்சு என்று எதை எண்ணுவது?

மீன் வாயைத் திறக்கும்போது நீர் உள்ளே வருகிறது. வாயை மூடியதும் அந்நீர் செவுள் இழைகளின் ஊடே தள்ளப்பட்டு, செவுள் மூடியின் பின்விளிம்பு வழியாக வெளியேறுகிறது. செவுள் மூடி ஒருமுறை விரிந்து அடங்கினால் அது ஒரு மூச்சு. செவுளில் இரத்தம் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் ஓடுவதால், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனில் 80 விழுக்காடு வரைகூட மீனால் பிரித்தெடுக்க முடிகிறது. நம் நுரையீரல் தன்னுள் வரும் காற்றிலுள்ள ஆக்சிஜனில் ஏறத்தாழக் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. நீரில் ஆக்சிஜன் அவ்வளவு குறைவாக இருப்பதால்தான் மீனுக்கு இந்தத் திறமை தேவைப்படுகிறது. ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லிலிட்டர் அளவுக்கு ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில், அது முழுவதும் நிறைவுற்றிருந்தாலும், 5 மில்லிலிட்டர் சொச்சந்தான் கரைந்திருக்கும்.

மீனின் மூச்சை முதன்மையாக முடுக்குவது ஆக்சிஜன் குறைவே. செவுளிலேயே அதை உணரும் உயிரணுக்கள் இருக்கின்றன. இத்துடன் அச்சம், துரத்தல், வலையில் அள்ளுதல் போன்றவை அட்ரினலினைச் சுரக்கச் செய்கின்றன. சற்றுப் பின்தங்கி, நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசாலும் உயர்ந்து, பல மணி நேரம் இறங்காமல் நிற்கிறது. அட்ரினலின் செவுளில் இரத்த ஓட்டத்தைக் கூட்டி ஆக்சிஜனை மிகுதியாக உள்ளிழுக்க உதவுகிறது என்றாலும், அகலத் திறந்த அதே வாசல் வழியே நன்னீர் மீனின் உடலுப்புகள் வெளியேறுகின்றன, நீரும் உடலுக்குள் புகுகிறது. ஆகவே நெடுநேரம் வேகமாக மூச்சுவிடுவதே மீனுக்கு ஒரு செலவு. மீனை ஏற்றி இறக்கும்போது தொட்டி நீரில் சிறிது உப்பிடும் பழைய வழக்கம் பொருளற்றது அன்று என்பதற்கு இதுவே காரணம்.

நலமாக இருக்கும்போதே எண்ணி வைத்திருக்க வேண்டும்

"தங்கமீன் நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சுவிட வேண்டும்?" என்ற கேள்விக்கு எல்லாத் தொட்டிக்கும் பொருந்தும் எண் கிடையாது. சிறிய மீன் பெரிய மீனைவிட வேகமாக மூச்சுவிடும். வகைக்கு வகை மாறும். எல்லாவற்றையும்விட வெப்பநிலை மாற்றும். நீர் 10 டிகிரி சூடேறினால் மீனின் உடலியக்கம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது பொதுக்கணக்கு. அதனால் மார்கழியில் எடுத்த எண்ணைச் சித்திரையில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. உங்கள் மீனுக்கு, உங்கள் தொட்டியில், இன்ன வெப்பநிலையில் இவ்வளவு என்ற எண்ணை நீங்களேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு எரியத் தொடங்கி அரை மணி நேரமாவது கழிந்த பிறகு, இரை போடுவதற்கு முன், தொட்டியிலிருந்து இரண்டடி தள்ளி அசையாமல் உட்காருங்கள். நீங்கள் வந்து உட்கார்ந்ததை மீன் மறக்கும் வரை சில நிமிடம் பொறுத்து, ஒரே மீனின் செவுளசைவை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மும்முறை எண்ணி நடு எண்ணை எடுத்து, நீரின் வெப்பநிலையோடு குறித்து வையுங்கள். கப்பி போன்ற சிறு மீன்களைக் கண்ணால் எண்ணுவது கடினம் என்பதால், கைபேசியில் காணொளி எடுத்து வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு எண்ணுவதே நல்லது. இரண்டு மூன்று மீன்களுக்கு ஒரு வாரம் இப்படிக் குறித்தால் போதும்.

இரை போட்ட பின் எண்ணக் கூடாது, ஏனெனில் செரிமானமே ஆக்சிஜன் தேவையைக் கூட்டும். விளக்கைப் போட்ட உடனே எண்ணுவதும் தவறு. இன்னொன்றும் உண்டு: திடீரென மிரண்ட மீன் ஓரிரு நொடி மூச்சையே நிறுத்திக்கொள்ளும், இதயத்துடிப்பும் தாழும், அதன் பின்னரே வேகம் ஏறும். மூச்சு குறைவாகத் தெரிகிறதே என்று அந்த நொடியில் மகிழ்ந்துவிட வேண்டாம்.

அதே வெப்பநிலையில் எண்ணிக்கை வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடினால் காரணம் தேடத் தொடங்குவேன். ஒன்றரை மடங்காகிவிட்டால் காரணம் தெரியும் வரை காத்திராமல் காற்றோட்டத்தைக் கூட்டிவிடுவேன். இது எந்த நூலிலும் உள்ள விதி அன்று, பழக்கத்தில் வந்த கைக்கணக்கு. எடுத்துக்காட்டாக, 28 டிகிரியில் 70 என்று குறித்து வைத்திருந்த மீன் அதே 28 டிகிரியில் 95 காட்டினால் அது பேசுகிறது என்று பொருள்.

எண்ணிக்கை மட்டும் எந்த நோயின் பெயரையும் சொல்லாது. மூச்சு வாங்குவது எல்லா மீன்களா, ஒன்று மட்டுமா, எந்த நேரத்தில், தொட்டியின் எந்த இடத்தில் நின்று, கடந்த இரண்டு நாளில் நாம் என்ன செய்தோம் என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் வழி பிரியும். கீழே உள்ள அறிகுறிகள் அவற்றின்படியே பிரிக்கப்பட்டுள்ளன.

அறிகுறி: எல்லா மீன்களும் நீர்மட்டத்தில் வாயை நீட்டி நிற்கின்றன, விடியற்காலையில் மிகுதி, பகல் ஏற ஏறக் குறைகிறது

இது கரைந்த ஆக்சிஜன் குறைவதன் அடையாளம். நீர்ச்செடிகள் பகலில் ஆக்சிஜன் தந்தாலும் இரவு முழுவதும் மீன்களோடு போட்டியிட்டு அதையே உட்கொள்கின்றன. அழுகும் இரையிலும் கழிவிலும் வளரும் நுண்ணுயிர்களுக்கு இரவும் பகலும் பங்கு வேண்டும். ஆகவே ஒரு நாளின் மிகக் குறைந்த அளவு விடியலுக்குச் சற்று முன் வருகிறது. செடித்தொட்டியில் கரியமில வாயு செலுத்துபவர்கள் இரவில் அதை நிறுத்தத் தவறினால் இதே காட்சியைக் காண்பார்கள்.

உறுதி செய்வது எளிது. காற்றுக்கல்லை வையுங்கள், அல்லது ஃபில்டரின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி நீர் விழுந்து கலங்கும்படி செய்யுங்கள். அரை மணி நேரத்தில் மீன்கள் கீழே இறங்கி எண்ணிக்கையும் தாழ்ந்தால் நோயறிதல் முடிந்தது. தாழவில்லை என்றால், காற்று மோட்டார் நன்றாக ஓடியும் மீன்கள் மூச்சு வாங்கும் அறிகுறியின் கீழ் அமோனியாவும் நைட்ரைட்டும் பற்றிச் சொல்லும் பகுதிக்குச் செல்லுங்கள்.

குமிழிகள் மேலேறும் வழியில் தரும் ஆக்சிஜன் சிறிதே. அவை நீர்மட்டத்தைக் கலக்கி, அடிநீரை மேலே கொண்டுவருவதுதான் பெரும்பகுதி வேலை. ஆகவே நீர்மட்டத்தில் எண்ணெய்ப் படலம் மூடிக் கிடந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். அச்சு மையில்லாத ஒரு தாளை நீர்மேல் விரித்து மெல்ல இழுத்தெடுத்தால் படலம் அதோடு வந்துவிடும்.

கோடையில் இந்தக் கோளாறு இருபக்கமும் வெட்டும் கத்தியாகிறது. நிறைவுற்ற நன்னீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும். 25 டிகிரியில் 8.3, 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் 7-க்கும் கீழ். நீரின் இருப்பு இப்படிக் குறையும்போதே மீனின் தேவை ஏறிக்கொண்டே போகிறது. தங்கமீன் குளிர்நீர் மீன் என்பதால் இதில் முதலில் திணறுவது அதுதான். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் முற்றிலும் அற்றுப்போனாலும், உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிச் சில காலம் உயிர்தரிக்கும் அரிய திறமை தங்கமீனுக்கு உண்டு. சித்திரை வெயிலில் சூடேறிய தொட்டியில் அந்தத் திறமை கைகொடுக்காது.

சூட்டைத் தணிக்க, மூடியை எடுத்துவிட்டு நீர்மட்டத்தின்மேல் சிறு மின்விசிறியை ஓடவிடலாம். நீர் ஆவியாவதால் ஓரிரு டிகிரி இறங்கும். கடலோரத்தின் புழுக்கமான நாட்களில் இறக்கம் குறைவாகவே இருக்கும். பனிக்கட்டியை நேரே கொட்டக் கூடாது. சில மணி நேரத்தில் பல டிகிரி இறக்குவது, நீக்க வந்த நெருக்கடியைவிடப் பெரிய நெருக்கடியாகிவிடும். உறையவைத்த நீர்ப்புட்டியை மிதக்கவிட்டு, வெப்பமானியைப் பார்த்து எடுத்துவிடலாம். மின்வெட்டில் மின்கலத்தில் ஓடும் காற்று மோட்டார் இல்லையென்றால், ஒரு குவளையால் தொட்டி நீரையே அள்ளி ஓர் அடி உயரத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊற்றிக்கொண்டிருப்பதும் பயன்தரும். அந்த நாட்களில் இரை போடாமல் விடுவது மீனுக்குச் செய்யும் உதவி.

ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். ஃபைட்டர், கௌராமி ஆகியவற்றின் தலையில் காற்றிலிருந்தே மூச்செடுக்கும் உறுப்பு உண்டு. அவை அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்வது இயல்பு. நம் ஏரி குளங்களின் பனையேறியும் விராலும் இப்படிப்பட்டவையே. காற்றைத் தொடவிடாமல் தடுத்தால் விரால் நீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். 1791-இல் தரங்கம்பாடியில் பனைமரத்தின் ஈரமான பொந்திலிருந்து பனையேறியைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்னும் டேனிஷ் அதிகாரி எழுதியதைப் பின்வந்தவர்கள் நம்பத் தயங்கினார்கள். பறவை தூக்கிச் சென்று போட்டிருக்கலாம் என்றார்கள். ஆனால் நீருக்கு வெளியே அந்த மீன் நெடுநேரம் உயிரோடு இருக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆகவே ஃபைட்டர் மேலே வருவதைக் கோளாறாகக் கொள்ள வேண்டாம். மேலேயே நின்றுவிட்டு, செவுளும் வேகமாக அடித்தால் மட்டும் கவனியுங்கள்.

அறிகுறி: நீர் மாற்றிய சில நிமிடங்களில் அல்லது சில மணி நேரத்தில் எல்லா மீன்களும் வேகமாக மூச்சுவிடுகின்றன, துள்ளுகின்றன, சில மூலையில் ஒடுங்குகின்றன

குழாய்நீர் என்றால் முதலில் குளோரினை ஐயுறுங்கள். இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். நமக்குப் பாதுகாப்பான அந்த அளவில் பாதிகூட மீனின் செவுளைப் புண்படுத்தப் போதுமானது. மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்று கிடைக்கும் துளிமருந்தில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்ஃபேட். அது குளோரினை உடனே செயலிழக்கச் செய்யும் என்பதால், புட்டியில் குறித்த அளவைத் தொட்டி முழுவதற்கும் கணக்கிட்டு ஊற்றி, காற்றோட்டத்தை மிகுதியாக்குங்கள். குளோரின் போனாலும் புண்பட்ட செவுள் உடனே ஆறாது. எண்ணிக்கை இறங்க இரண்டு மூன்று நாள் ஆகலாம். அடுத்த முறை நீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து, முடிந்தால் காற்றுக்கல்லும் போட்டு வைத்த பிறகு பயன்படுத்துங்கள். குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்த நீருக்கு இப்படித் திறந்து வைப்பது போதாது, துளிமருந்து வேண்டும். லாரித் தண்ணீரில் குளோரின் ஒரு நாளைப்போல் மறுநாள் இருப்பதில்லை என்பதால், "போன வாரம் ஒன்றும் ஆகவில்லையே" என்ற நம்பிக்கை கூடாது.

ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இல்லை என்று எண்ணி நேரே ஊற்றுபவர்கள் வேறொரு குழியில் விழுகிறார்கள். நிலத்தடி நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கக்கூடும். கரியமில வாயு மிகுந்தால் மீனின் இரத்தம் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலே குறைகிறது. இரும்பு மிகுந்த நீர் என்றால், காற்றுப்பட்டதும் பழுப்பாகப் படியும் துகள் செவுளிலும் படியும். அப்போது மீன் நீரோட்டத்தைத் திடீரெனப் பின்தள்ளிச் செவுளைக் கழுவிக்கொள்ளும். பார்ப்பதற்கு இருமல் போலவே இருக்கும் அந்த அசைவு அடிக்கடி வந்தால், செவுளில் ஏதோ படிகிறது அல்லது ஒட்டியிருக்கிறது என்று கொள்ளலாம். இதற்கும் தீர்வு, நீரை ஒரு நாள் காற்றோட்டத்தோடு வைத்துத் தெளியவிடுவதுதான்.

மேல்நிலைத் தொட்டியின் பகல்நேர நீர் கையால் தொட முடியாத சூட்டில் வருவதையும் மறக்க வேண்டாம். ஊற்றும் நீரின் வெப்பம் தொட்டியின் வெப்பத்தோடு ஒன்றிரண்டு டிகிரிக்குள் பொருந்த வேண்டும்.

அறிகுறி: காற்று மோட்டார் நன்றாக ஓடுகிறது, நீரும் தெளிவாக இருக்கிறது, ஆனாலும் எல்லா மீன்களும் மூச்சு வாங்குகின்றன

பலரும் ஏமாறும் இடம் இதுதான். குமிழி பொங்குகிறது, நீர் கண்ணாடிபோல் இருக்கிறது. ஆகவே நோய் என்று முடிவுகட்டி மெத்திலீன் நீலம் என்னும் நீலமருந்தை ஊற்றிவிடுகிறார்கள். நானும் ஒருமுறை ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவி மாட்டிவிட்டு, மூன்றாம் நாள் மூச்சு வாங்கிய மீன்களுக்கு மருந்து தேடிக் கடைக்கு ஓடியிருக்கிறேன். குற்றவாளி அந்தப் பளிச்சென்ற பஞ்சுதான்.

மீன் செவுள் வழியே வெளியேற்றும் அமோனியாவை, ஃபில்டரில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்பு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்தக் குடியேற்றம் நிறைவடைய வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீன்களை நிறைத்தாலோ, பஞ்சைக் குளோரின் நீரில் கழுவி நுண்ணுயிர்களைக் கொன்றாலோ, பல மணி நேர மின்வெட்டில் ஃபில்டர் நின்று அவை மூச்சுமுட்டி இறந்தாலோ, அமோனியாவும் நைட்ரைட்டும் தேங்குகின்றன. கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதால் அமோனியா, நைட்ரைட், பி.எச் (நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) மூன்றுக்குமான சோதனைப் பெட்டி வீட்டில் இருப்பது எந்த மருந்தைவிடவும் முக்கியம்.

அமோனியாவில் இரண்டு வடிவங்கள் உண்டு: மின்னேற்றமற்ற அமோனியா செவுளைக் கடந்து உள்ளே புகும் நஞ்சு; மின்னேற்றமுள்ள அமோனியம் அவ்வளவு கொடியதன்று. எது மிகுதி என்பதைப் பி.எச் முடிவு செய்கிறது. 25 டிகிரியில், பி.எச் 7 என்றால் மொத்தத்தில் ஏறத்தாழ 0.6 விழுக்காடுதான் நஞ்சு வடிவில் இருக்கும், பி.எச் 8 என்றால் அது 5 விழுக்காட்டைத் தாண்டும். சூடு கூடினால் இன்னும் ஏறும். ஆகவே சோதனைப் பெட்டி காட்டும் ஒரே எண், ஒரு வீட்டில் தாங்கத்தக்கதாகவும், உப்புச்சுவையுள்ள கடின நீர் வரும் இன்னொரு வீட்டில் கொல்வதாகவும் இருக்கக்கூடும்.

அமோனியா தெரிந்தால் குளோரின் நீக்கிய நீரால் பாதித் தொட்டியை மாற்றி, இரையை இரண்டு நாள் நிறுத்தி, மறுநாள் மீண்டும் சோதியுங்கள். ஆனால் நெடுங்காலம் நீர் மாற்றாத பழைய தொட்டியில் பி.எச் 6.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் இப்படிச் செய்யக் கூடாது. அங்கே அமோனியம் வடிவில் உறங்கிக் கிடப்பது, பி.எச் மிகுந்த புதுநீர் பாய்ந்ததும் நஞ்சு வடிவுக்கு மாறி ஒரே மாலையில் மீன்களை முடித்துவிடும். அத்தகைய தொட்டியில் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று மாற்றிக்கொண்டு வர வேண்டும்.

நைட்ரைட்டின் வழி வேறு. அது இரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றுகிறது. இரத்தமும் செவுளும் சாக்லேட் நிறம் கொள்கின்றன. நீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் சுமப்பதற்கு ஆளில்லாததால்தான் குமிழிகளின் நடுவிலேயே மீன் திணறுகிறது. சமையலறையிலேயே இதற்கு மாற்று இருக்கிறது. நைட்ரைட்டும் குளோரைடும் செவுளின் ஒரே வாயில் வழியே நுழைபவை என்பதால், உப்பிலுள்ள குளோரைடு மிகுந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைப்பதில்லை. லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு ஏறத்தாழ 600 மில்லிகிராம் குளோரைடைத் தரும். வீட்டுத் தொட்டிக்கு அது தாராளம். தனியே கரைத்து, சில மணி நேர இடைவெளியில் மூன்று பகுதியாக ஊற்றுங்கள். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் குளோரைடு வேறு, குளோரின் வேறு. உப்பு செவுளைச் சுடாது. நீர் மாற்றத்தையும் கூடவே தொடர வேண்டும், ஏனெனில் உப்பு நைட்ரைட்டை நீக்குவதில்லை, நுழைவதைத்தான் தடுக்கிறது.

இனி ஃபில்டர் பஞ்சைக் கழுவுவதென்றால், மாற்றுவதற்காக வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே பிழிந்து கழுவுங்கள். அழுக்குச் சற்று மிஞ்சியிருப்பதில் குறையில்லை.

அறிகுறி: ஒரு மீன் மட்டும் மூச்சு வாங்குகிறது, மற்றவை நலம்

நீரில் கோளாறு இருந்தால் அது எல்லா மீன்களுக்கும் பொது. ஒன்று மட்டும் திணறினால் அந்த மீனைத்தான் பார்க்க வேண்டும்.

தங்கமீன் வாயைத் திறந்தபடியே இருந்து, அவ்வப்போது எதையோ துப்ப முயன்றால், அடித்தளக் கூழாங்கல் வாயில் சிக்கியிருக்கலாம். இது அடிக்கடி நேர்வது. நாம் நோய்ப்பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கும்போது மீன் ஒரு கல்லோடு போராடிக்கொண்டிருக்கும். விளக்கொளியில் பார்த்து, ஈரக் கையால் மீனைப் பிடித்துத் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, தொண்டையின் வெளிப்புறத்தை மெல்ல நீவினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

ஒருபக்கச் செவுள் மூடி இறுக மூடியிருக்க, மறுபக்கம் மட்டும் அசைந்து, மீன் கல்லிலும் குழாயிலும் உடலை உரசிக்கொண்டால் செவுள் புழுக்களை ஐயுறலாம். வெண்புள்ளி நோயும் சில நேரம் செவுளில் தொடங்குகிறது. அப்போது உடலில் ஒரு புள்ளிகூட இல்லாமலே மூச்சு ஏறும். இருட்டில் கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் மஞ்சள் பொடி தூவியதுபோல் தெரிவது வெல்வெட் நோய். இவை மூன்றும் பரவுபவை என்பதால் இன்று ஒரு மீன், இரண்டு நாளில் மூன்று மீன் என்று எண்ணிக்கை ஏறுவதே இவற்றுக்கான தடயம்.

செவுள் புழுவுக்குப் பிராசிகுவாண்டல் என்னும் புழுநீக்கி மருந்து பயன்படும். அது முட்டைகளைக் கொல்லாது என்பதால் ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து மீண்டும் கொடுக்க வேண்டும். எந்த மருந்தானாலும் காற்றோட்டத்தைக் கூட்டாமல் ஊற்ற வேண்டாம். குறிப்பாக ஃபார்மலின் நீரின் ஆக்சிஜனையே குறைத்துவிடும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் மீனுக்கு அதை ஊற்றுவது ஆபத்தான துணிச்சல். மெத்திலீன் நீலத்தைத் தனித்தொட்டியில் மட்டும் பயன்படுத்துங்கள். முதன்மைத் தொட்டியில் அது ஃபில்டரின் நுண்ணுயிர்களைக் கெடுத்து, முந்தைய பகுதியில் சொன்ன தொல்லையைக் கூட்டிவரும். விலைமிக்க மீன்களோ பண்ணையோ என்றால், ஊகத்தில் மருந்தடிக்காமல் பொன்னேரி, தூத்துக்குடி போன்ற இடங்களிலுள்ள மீன்வளக் கல்லூரிகளை அணுகி, செவுளை நுண்ணோக்கியில் பார்க்க வழியுண்டா என்று கேட்பது நல்லது.

அறிகுறி: கடையிலிருந்து கொண்டுவந்த மீன் வேகமாக மூச்சுவிடுகிறது

சென்னையின் கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ வந்த மீன் முதல் நாள் மூச்சு வாங்குவது எதிர்பார்க்கத்தக்கதே. விளக்கை அணைத்து, இரை போடாமல், ஒளிந்துகொள்ள இடம் கொடுத்து விட்டுவிட்டால் மறுநாளுக்குள் இறங்கத் தொடங்க வேண்டும்.

இதில் பலர் அறியாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. கட்டிய பையில் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து பி.எச் தாழ்ந்திருக்கும், அதனால் அங்கே சேர்ந்த அமோனியாவும் தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறிப் பி.எச் ஏற, அதே அமோனியா நஞ்சாகிறது. ஆகவே நெடுந்தொலைவு வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் கலப்பது மீனுக்கு நன்மையன்று. கட்டிய பையையே தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, திறந்தபின் விரைவாக மீனை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். அரை மணி நேரப் பயணந்தான் என்றால் இவ்வளவு அவசரம் தேவையில்லை.

மூன்றாம் நாளும் இறங்கவில்லை என்றால் ஒட்டுண்ணியைத் தேடுங்கள். இறங்கி, பிறகு மீண்டும் ஏறினால், பழைய மீன் எதுவும் துரத்துகிறதா என்று சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். துரத்தப்படும் மீன் மூலையில், துடுப்பை ஒடுக்கி, ஓயாமல் மூச்சுவிடும். நீர் முற்றிலும் சரியாக இருக்கும். அங்கே மாற்ற வேண்டியது தொட்டியின் அமைப்பு.

அறிகுறி: நீர் மாற்றவில்லை, புதிய மீன் இல்லை, திடீரென எல்லாம் துடித்துத் தாறுமாறாக நீந்தி மூச்சு வாங்குகின்றன

அறையைப் பாருங்கள். கொசுவிரட்டிச் சுருளிலும் திரவத்திலும் தெளிப்பானிலும் உள்ள பைரித்ராய்டு வகை நச்சுகள் மீனுக்கு மிகக் கொடியவை. காற்று மோட்டார் அறைக்காற்றை உறிஞ்சி நேரே நீருக்குள் செலுத்துகிறது. பெயின்ட் அடித்த வீட்டிலும், கரப்பானுக்கு மருந்தடித்த சமையலறைக்கு அருகிலும் இதே ஆபத்து உண்டு. சன்னல்களைத் திறந்து, மோட்டாரைத் தூய காற்றுள்ள இடத்துக்கு மாற்றி, குளோரின் நீக்கிய நீரால் பாதித் தொட்டியை உடனே மாற்றி, கரித்துண்டு நிரப்பிய ஃபில்டர் இருந்தால் ஓடவிடுங்கள். இங்கே எண்ணிக் கொண்டிருக்க நேரமில்லை.

அறிகுறி: மூச்சு வழக்கத்தைவிடக் குறைவு

இரவில் விளக்கணைத்த பின் எண்ணிக்கை தாழ்வது உறக்கம். நீர் குளிர்ந்தாலும் தாழும். ஆனால் நேற்று வேகமாக மூச்சுவிட்ட மீன் இன்று மெதுவாக, ஒழுங்கற்று, ஒவ்வொரு முறையும் வாயை அகலப் பிளந்து மூச்சுவிட்டு, பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் அது தேறிவருவதன் அடையாளம் அன்று; களைத்துப்போனதன் அடையாளம். உண்மையாகத் தேறும் மீனில் எண்ணிக்கை இறங்குவதோடு ஒழுங்கும் திரும்பும், இரையைப் பார்த்துத் தலை திருப்பும். சாய்ந்த மீனைக் காற்றுக்கல்லின் அருகே, ஆழம் குறைந்த தனித்தொட்டியில், அதே தொட்டி நீரோடு வைத்து, நைட்ரைட்டையும் அமோனியாவையும் உடனே சோதியுங்கள்.

சரிசெய்த பின்

எதைச் செய்திருந்தாலும் அதே மீனை, நாள்தோறும் அதே நேரத்தில், இரைக்கு முன் எண்ணிக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆக்சிஜன் குறைவு என்றால் அதே நாளில் இறங்கிவிடும். நைட்ரைட் என்றால் நீர் தூயதான பின்னும் இரத்தம் பழைய நிலைக்கு வர ஓரிரு நாள், சில நேரம் மூன்று நாள் ஆகும். அமோனியாவோ குளோரினோ சுட்ட செவுள் என்றால் இன்னும் நெடுநாள் சற்று உயர்ந்தே நிற்கலாம். அவ்வேளையில் எண் இறங்கவில்லையே என்று புதுமருந்து எதையும் ஊற்றாமல், இரையைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டி, வாரத்துக்கு இருமுறை சிறு அளவில் நீர் மாற்றி வந்தால் போதும்.